நிறமுமில்லை, மணமுமில்லை

2023ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் வாழும் எங்கள் மூத்த மகனின் இல்லத்திற்கு நாங்கள் இருவரும் போய்ச் சேர்ந்தோம். ஆறு மாத விசா. ஓய்வு பெற்ற ஆசிரியத் தம்பதியர்க்கு வேறென்ன வேண்டும்? பேரனுக்கு அப்போது மூன்று வயது. மருமகள் மருத்துவமனையில் செவிலியர். பகலென்றும் இரவென்றும் மாறிவரும் பணி. பேரனைக் கவனித்துக்கொள்வதும், மகனுக்குப் பிடித்த மீன்குழம்பை அந்நாட்டு மீனில் எப்படியாவது வைத்துப் பார்ப்பதுமே எங்கள் அலுவல் என்றிருந்தோம்.

முதல் சனிக்கிழமை இரவு. குழந்தை உறங்கியபின் மகன் அடுக்களை மேசையின்மீது பழைய செய்தித்தாளை விரித்தான். உள்ளங்கையளவேயான மின்னணுத் தராசொன்றை வைத்தான். கையுறை அணிந்துகொண்டான். கண்ணாடிப் புட்டிகள், ஊசியில்லாத சிரிஞ்சு, நீர் போன்ற ஏதோ ஒன்று, தேன் போன்று கெட்டியான வேறொன்று. மாடிப்படியில் நின்று பார்த்த எங்களுக்கு நெஞ்சு திடுக்கிட்டது. பிள்ளை சாராயம் காய்ச்சுகிறானோ என்றுகூட எண்ணினோம். அதை இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை.

"அம்மா, பயப்படாதீங்க. சிகரெட்டை விடறதுக்குத்தான் இது" என்றான்.

மகன் சிகரெட் புகைக்கிறான் என்பதே அந்த நொடியில்தான் எங்களுக்கு உறுதியாயிற்று. ஐயம் பல ஆண்டுகளாக இருந்தது. கல்லூரி விடுமுறைகளில் அவன் சட்டைப்பையில் கிடந்த ஏலக்காயும் கிராம்பும் காரணமின்றி இருந்திருக்க முடியாது. ஆயினும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதைப் பின்னர் சொல்கிறோம்.

அவன் கலந்துகொண்டிருந்தது மின்சிகரெட்டில் ஊற்றும் திரவம். கருவியைப் பற்றி நம் வாசகர் பலரும் செய்தித்தாளில் படித்திருப்பர். பேனா அளவிலோ சற்றுப் பருத்தோ இருக்கும். உள்ளே மின்கலம், ஒரு சிறு கம்பிச்சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சில் ஊறிய திரவம் சூடேறி நுண்துளிகளாக எழும், அதை உள்ளிழுப்பர். தீ இல்லாததால் புகையிலை எரிந்து உண்டாகும் தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லை. அடிமைப்படுத்தும் நிகோட்டின் மட்டும் உண்டு. இன்றைய வடிவில் இக்கருவியை 2003இல் உருவாக்கியவர் சீனாவின் மருந்தாளுநர் ஹான் லிக். அவரும் விடாது புகைத்தவர். அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயால் மாண்டவர். தந்தை, மகன், புகை என்னும் இந்த மூன்றும் ஓரிடத்தில் சேர்வதைக் கேட்டபோது எங்களுள் ஒருவர் தலை கவிழ்ந்தார்.

திரவத்தில் இருப்பவை மூன்றோ நான்கோதாம். ஒன்று கிளிசரின், கெட்டியானது, இலேசாக இனிப்பது, வெண்ணிற ஆவியைத் தருவது. இரண்டாவது புரொப்பிலீன் கிளைக்கால் என்னும் நீர்த்த பொருள். நாடக மேடையில் எழுப்பும் செயற்கைப் புகையில் அதுவும் இடம்பெறுவதுண்டு என்று மகன் சொன்னான். மூன்றாவது நிகோட்டின். நான்காவது சுவையும் மணமும். கடைகளில் இந்த நான்காவதுதான் அரசாட்சி செய்கிறது. ஒருநாள் பேரனை அழைத்துக்கொண்டு கடைத்தெரு போனபோது அத்தகைய கடையொன்றின் கண்ணாடிச் சாளரத்தைப் பார்த்தோம். மாம்பழம், தர்ப்பூசணி, பஞ்சுமிட்டாய் என்று வண்ண வண்ணமாக அடுக்கியிருந்தனர். பேரன் அதை மிட்டாய்க் கடை என்றே நினைத்து உள்ளே இழுத்தான். வாலிபப் பிள்ளைகள் இதில் விழுந்ததும் ஒரு காரணமாக, ஒருமுறை பயன்படுத்தி எறியும் மின்சிகரெட்டுகளை அந்நாட்டு அரசு 2025 ஜூன் 1 முதல் தடை செய்தது.

எங்கள் மகன் அந்த நான்காவது பொருளைச் சேர்ப்பதில்லை. சேர்த்தாலும் நூற்றுக்கு ஒரு பங்களவு புதினாக் குளிர்ச்சி. அதுவும் வார இறுதியில் மட்டும். காரணம் கேட்டோம். "நல்லா இருந்தா நிறைய இழுப்பேன்பா. இது மருந்து மாதிரி சப்புன்னு இருக்கணும்" என்றான். வேறொரு காரணமும் சொன்னான். உண்ணத் தகுந்த மணப்பொருள் யாவும் நுரையீரலுக்குத் தகுந்தவை ஆகிவிடா. வெண்ணெய் மணம் தரும் டையசெட்டைல் என்னும் பொருள் வயிற்றுக்குள் போனால் தீங்கில்லை. அதே பொருளின் ஆவியைச் சுவாசித்த அமெரிக்கச் சோளப்பொரித் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் மூச்சுக்குழல்கள் மீளமுடியாதவாறு சுருங்கிப்போனது 2000ஆம் ஆண்டளவில் வெளிப்பட்டது.

இதைக் கேட்டும் எங்களில் தாயானவர், "கொஞ்சம் நீலகிரித் தைலம் விட்டால் சளிக்கும் நல்லதாச்சே" என்றார். மகன் அதிர்ந்தே போனான். எண்ணெய் எதுவும் அதில் ஒரு துளிகூடச் சேரலாகாது. நுரையீரலுக்கு எண்ணெயை வெளியேற்றத் தெரியாது. 2019இல் அமெரிக்காவில் திடீரெனப் பரவிய நுரையீரல் நோய்க்குப் பெரும்பாலும் காரணமாயிருந்தது, கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் என்னும் எண்ணெய்ப்பசைப் பொருள். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனை சேர்ந்தனர் அல்லது மாண்டனர். இறந்தோர் மட்டும் 68 பேர். வீட்டில் கலப்பது என்றால் சாம்பார்ப்பொடி அரைப்பதுபோல் கைவாகுக்குச் செய்வதன்று என்பது அன்று எங்களுக்கு விளங்கிற்று.

கலவைக் கணக்கு எளிது. அந்நாட்டுச் சட்டப்படி நிகோட்டின் திரவத்தை ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் செறிவாக விற்கக்கூடாது. புட்டியும் 10 மில்லிலிட்டருக்கு மேற்படக்கூடாது. மகன் வாங்குவது 18 மில்லிகிராம் செறிவுள்ள சிறு புட்டி. அவற்றுள் மூன்றை 30 மில்லிலிட்டர் வெறும் திரவத்தோடு சேர்த்தால் 60 மில்லிலிட்டரில் செறிவு ஒன்பதாகும். இரண்டை 40உடன் சேர்த்தால் ஆறு. ஒன்றை 50உடன் சேர்த்தால் மூன்று. கணக்காசிரியராக முப்பத்திரண்டு ஆண்டு உழைத்த எங்களுள் ஒருவர்க்கு இது வாய்ப்பாடு. கிளிசரின் மில்லிலிட்டருக்கு 1.26 கிராம் எடை உடையதாதலால், அளப்பதைவிட நிறுப்பதே பிழையற்றது. இரண்டாம் மாதம் முதல் தராசின்முன் அமர்ந்தவர் தந்தையே. மகன் ஊற்றுவான், தந்தை, "போதும்" என்பார்.

தானே கலப்பதன் பயனும் இந்தக் கணக்கில்தான் இருந்தது. கடையில் இத்தனை, அத்தனை என்று குறித்துவைத்த அளவுகளே கிடைக்கும். வீட்டிலோ ஒன்பதிலிருந்து எட்டு, எட்டிலிருந்து ஏழு என்று உடலுக்கே தெரியாமல் படியிறங்கலாம். 2019இல் இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடந்த ஆய்வொன்றில், மின்சிகரெட்டைத் துணைக்கொண்டவர்களுள் 18 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின்னும் சிகரெட்டைத் தொடாதிருந்தனர். நிகோட்டின் பசை, பட்டை முதலானவற்றைக் கைக்கொண்டவர்களுள் 9.9 விழுக்காட்டினரே அவ்வாறு இருந்தனர். நல்ல செய்திதான். ஆனால் அதே ஆய்வின் மறுபக்கத்தையும் மருமகள் எங்களுக்குக் காட்டினாள். மின்சிகரெட்டால் சிகரெட்டை விட்டவர்களுள் ஐந்தில் நால்வர், ஓராண்டு கழிந்தும் மின்சிகரெட்டை விடவில்லை. ஒரு கயிற்றை அவிழ்க்க மற்றொன்றைக் கட்டிக்கொண்ட கதை. மகன் அஞ்சியது அதற்கே.

இனி எங்கள் வீட்டு விபத்தைச் சொல்ல வேண்டும்.

டிசம்பர் குளிரில் எங்களில் தாயானவர்க்குக் குதிகால் வெடித்து இரத்தம் கசிந்தது. புறங்கைகளும் பாளம் பாளமாயின. நம்மூர் மார்கழிப் பனிக்கே கிளிசரினும் பன்னீரும் குழைத்துப் பூசி வளர்ந்தவர்கள் நாம். பன்னீர்ப் புட்டியைப் பெட்டியிலேயே கொண்டு சென்றிருந்தோம். கிளிசரின்தான் இல்லை. மகன் பயன்படுத்துவது மருந்துக் கடைக் கிளிசரினே என்று அவன் வாயாலேயே கேட்டிருந்தோம் அல்லவா? துணி துவைக்கும் அறையின் மேல்தட்டில் இரண்டு பழுப்புப் புட்டிகள் இருந்தன. ஒன்றை எடுத்துத் திறந்து முகர்ந்தார், மணமில்லை. கையில் விட்டார், நிறமில்லை, வழவழப்பாக இருந்தது. பன்னீர் சேர்த்துக் கால்களிலும் கைகளிலும் தாராளமாகத் தேய்த்துக்கொண்டு, பேரனுக்குக் கதைப்புத்தகம் காட்ட அமர்ந்தார்.

அரைமணி நேரத்தில் வாயில் நீர் ஊறத் தொடங்கிற்று. தலை சுழன்றது. நெற்றியில் குளிர்ந்த வேர்வை, நெஞ்சு படபடத்தது. இரத்த அழுத்தம் என்று எண்ணினோம். முந்திய இரவு உண்ட மீனைக் குறைசொன்னோம். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தோம், அது தங்கவில்லை. நல்லவேளையாக மருமகள் பணி முடிந்து வந்தாள். மேசைமேல் இருந்த புட்டியைப் பார்த்தவுடனே, "அத்தை, இதையா பூசினீங்க?" என்று கத்தினாள். அவள் குரலுயர்த்தி நாங்கள் கேட்டது அந்த ஒருமுறைதான்.

குளியலறைக்கு இழுத்துச்சென்று, கை கால்களைச் சோப்பிட்டு ஓடும் நீரில் நெடுநேரம் கழுவினாள். பின்னர் 111 என்னும் மருத்துவ ஆலோசனை எண்ணை அழைத்தாள். எவ்வளவு பூசியது, எத்தனை செறிவு, நேரம் என்ன, வேறு நோய் உண்டா என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தனர். அருகிலிருந்து கவனிக்கும்படி கூறினர். அந்தியில் வாந்தி நின்றது; இரவு பத்து மணியளவில் அவர் தயிர்சோறு கேட்டார். நிகோட்டின் தோல்வழியே உடலுக்குள் போகும் என்பதும், வெடித்த தோல் அதற்குக் கதவைத் திறந்து கொடுக்கும் என்பதும் எங்களுக்கு அதுவரை தெரியாது. பனியில் நனைந்த பச்சைப் புகையிலையைப் பறிக்கும் உழவர்களுக்கும் இதே வாந்தியும் மயக்கமும் உண்டாகும். அதற்குப் பச்சைப் புகையிலை நோய் என்றே பெயர்.

அன்றிரவு அவ்வீட்டில் யாரும் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே கடினமாக இருந்தது. மகன் சுவர்மீது சாய்ந்து நின்றான். சிறு புட்டிகளுக்கெல்லாம் குழந்தை திறக்கமுடியாத மூடி உண்டு, எச்சரிக்கை உண்டு. அவன் கலந்துவைத்த 60 மில்லிலிட்டர் புட்டிக்கோ சாதாரண மூடி, எழுத்தொன்றும் இல்லை. "என் கைக்கு மட்டும்தானே தெரியணும்னு இருந்துட்டேன்" என்றான். அவன் பார்வை எங்களைக் கடந்து, உறங்கும் பேரன்மீது இருந்தது. 2014 டிசம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தையொன்று நிகோட்டின் திரவத்தைக் குடித்து இறந்தது. குழந்தை திறக்கவியலாத மூடி வேண்டும் என்னும் சட்டம் அந்நாட்டில் கையெழுத்தானது அதன்பிறகு, 2016 ஜனவரியில். மருமகளுக்கு இது தெரியும், மகனுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் மேல்தட்டையே போதுமென்று நம்பியிருந்தனர்.

மறுநாளே பூட்டுடைய ஓர் இரும்புப் பெட்டி வந்தது. தடுப்பு மூடியுள்ள புட்டிகள் வந்தன. ஒட்டுத்தாளில் எழுதும் பொறுப்பைத் தந்தை ஏற்றார். கரும்பலகையில் பழகிய கையெழுத்தில், சிவப்பு மையால், தமிழிலும் ஆங்கிலத்திலும்: நஞ்சு. செறிவு 9. தேதி. எங்களில் தாயானவர் அதனடியில், "காலில் பூசாதே" என்றும் எழுதச் சொன்னார். எழுதினோம். அந்த ஒட்டுத்தாளை மகன் இன்றும் வைத்திருக்கிறான்.

ஏன் கேட்கவில்லை என்பதைச் சொல்வதாக மேலே எழுதினோம். எங்களில் ஒருவர் முப்பது ஆண்டுகள் புகைத்தவர். யார் என்பது வாசகர்க்கு இதற்குள் விளங்கியிருக்கும். 2006இல் நெஞ்சுவலி வந்து மருத்துவர் அதட்டிய நாளோடு விட்டார். அதற்குமுன், மகனுக்கு ஏழு வயதாயிருந்தபோதே, தெருமுனைப் பெட்டிக்கடைக்கு அவனை அனுப்புவது வழக்கமாக இருந்தது. அக்காலத்தில் அதை யாரும் தவறென்று சொல்லவில்லை, கடைக்காரரும் கொடுத்தார். கடையின் தூணில் நெருப்புக் கயிறு புகைந்துகொண்டு தொங்கும். மாலை ஐந்தரைக்கு இரண்டு, இரவு உணவுக்குப்பின் ஒன்று. சில்லறையைப் பொத்திய கையுடன் பிள்ளை ஓடுவான். தாய் தடுத்ததில்லை. ஆகவே இதில் எங்கள் இருவருக்கும் பங்குண்டு. பிற்காலத்தில் அவன் சட்டைப்பையில் கிராம்பைக் கண்டபோது எந்த முகத்தோடு கேட்பது?

பிப்ரவரியில் ஓரிரவு, தராசின்முன் அமர்ந்திருந்தபோது தந்தை அதைச் சொல்லிவிட்டார். "உன்னைக் கடைக்கு அனுப்பினது நான்தானேடா." மகன் சிரிஞ்சைக் கீழே வைக்கவில்லை, அளவு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "மீதிச் சில்லறைக்கு மிட்டாய் வாங்கிக்கோன்னு சொல்வீங்களேப்பா. அதுக்காகத்தான் ஓடுவேன்."

அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. அன்றைய புட்டி, எட்டு.

நாங்கள் ஏப்ரலில் ஊர் திரும்பியபோது ஆறு. 2025 ஜனவரியில் எங்கள் மகள்வழிப் பேத்தியின் திருமணத்திற்கு அவன் குடும்பத்தோடு வந்தபோது மூன்று. ஆனால் கருவியையும் திரவத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தான். நம் நாட்டில் மின்சிகரெட்டுக்கு 2019இலேயே தடை. அவ்வாண்டு செப்டம்பரில் அவசரச் சட்டம், டிசம்பரில் நிரந்தரச் சட்டம். உற்பத்தி, இறக்குமதி, விற்பனை மட்டுமன்றிச் சேமித்து வைப்பதும் குற்றம். அதற்கு ஆறு மாதம்வரை சிறையோ ஐம்பதாயிரம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஆகையால் இக்கட்டுரையைப் படித்து யாரேனும் முயலக்கூடும் என்னும் கவலை எங்களுக்கு இல்லாமலில்லை, முயலவேண்டாம். இத்தடை சரியா என்பதில் எங்கள் இருவருக்குள்ளும் ஒத்த கருத்தில்லை. மிட்டாய்க் கடை என்று உள்ளே இழுத்த பேரனை நினைத்தால் சரியே என்கிறார் ஒருவர். சிகரெட் மட்டும் தெருமுனைதோறும் தங்குதடையின்றி விற்கும்போது, அதைவிடத் தீங்கு குறைந்ததற்கு மட்டும் ஏன் சிறை என்கிறார் மற்றவர். யார் எதைச் சொல்பவர் என்பது வாரத்திற்கு வாரம் மாறுகிறது.

மகன் நிகோட்டின் பசையை மென்றுகொண்டு இரண்டு நாள் ஓட்டினான். மூன்றாம் நாள், கல்யாண வீட்டுக் கூட்டமும் சமையற்காரர் சச்சரவுமாக இருந்த இரவில், செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். திண்ணையில் இருந்த தந்தை பார்த்தார். தடுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். பாதி வழியில் மகன் நின்று, அவர் வந்து சேரும்வரை காத்திருந்தான். இருவரும் ஒன்றாகவே போனார்கள்.

அதே கடை. பழையவரின் மகன் இருக்கிறார். கயிறு இல்லை, சிகரெட் பெட்டிகளின்மீது அச்சிட்ட புற்றுநோய்ப் படங்கள் வரிசையாக நின்றன. கடைக்காரர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பழைய பழக்கத்தில், "சாருக்குத்தானே தம்பி?" என்று பெட்டியை நோக்கிக் கையை நீட்டினார்.

மகன் சிறிது நேரம் பேசாது நின்றான் என்று தந்தை சொல்கிறார். பிறகு, "ரெண்டு பன்னீர் சோடா" என்றான். குடித்து முடிக்க இருபது நிமிடம் ஆயிற்றாம். வீட்டுக்கு வந்தபோது இருவர் வாயிலும் பன்னீர் மணந்தது. எங்களில் தாயானவர்க்கு அந்த மணம் டிசம்பர் முதல் பிடிக்காது. ஆயினும் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அவன் கலப்பது ஒன்றரை. 10 மில்லிலிட்டர்ப் புட்டியில் பாதி, 55 மில்லிலிட்டர் வெறும் திரவம். வாராவாரம் தொலைபேசியில் எண்ணைச் சொல்வான். நாங்கள் நாட்காட்டியில் குறித்துக்கொள்வோம். வரும் உயிர்ப்புப் பெருவிழாவிற்குள் சுழியத்தைத் தொட்டுவிடுவேன் என்கிறான். சென்ற ஆண்டும் அவ்வாறே சொன்னான்.